ஒடம்புக் கலர்



அழகு, உடை, விளம்பரம் பற்றி அடுத்த இதழில் பேசலாம் என்று போன இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி அறிவிப்புப் போட்டிருந்தோம். அவ்வளவுதான். மூன்று கடிதம், ஒரு நேரடித் திட்டு. "பஞ்சமி நிலம் பத்தி எழுத வேண்டிய பக்கத்துல ஃபேஷன் ஷோவா? சோத்துக்கே வழியில்லாத சனத்துக்குப் பவுடர் எதுக்கு, சென்ட்டு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார் பெண்ணாடத்துத் தோழர் ஒருவர். நியாயமான கேள்வி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோது ஞாபகத்துக்கு வந்தது எங்கம்மாவின் கை.

வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயில், இல்லாவிட்டால் ரயில் மாறுகிற ஜங்ஷன். எங்களுக்கு அது செராமிக். நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டி எடுக்கிற வெள்ளைக் களிமண் இங்கே வந்துதான் கப்பாகும், சாசராகும், ஃபியூஸ் கட்டையாகும், அகல் விளக்காகும், பொம்மையாகும். பீங்கான் தொழிலைச் சொல்லிக்கொடுக்கவே இங்கே ஓர் அரசு நிறுவனம் உண்டு. அதில் படித்தவர்கள் எந்தெந்த ஊரிலோ அதிகாரிகளாக இருக்கிறார்கள். எங்கள் காலனிக்காரர்கள் படிக்காமலே பீங்கான் தெரிந்தவர்கள்.

பொம்மை எப்படிப் பிறக்கிறது தெரியுமா? மண்ணைப் பால் மாதிரிக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கும். ஓரத்தில் மண், தோல் மாதிரிக் கட்டும். மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடு. பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். சூளையிலிருந்து வரும்போது எல்லாப் பொம்மையும் ஒரே வெள்ளைதான். சரஸ்வதியும் வெள்ளை, அசுரனும் வெள்ளை, குறத்தியும் வெள்ளை. சாதி பிரிக்கிற வேலை பெயிண்டிங் செக்‌ஷனில் நடக்கும். எங்கம்மா பதினாறு வருஷம் அந்த செக்‌ஷனில் உட்கார்ந்திருந்தாள்.

அங்கே ஒரு டின் இருக்கும். வெள்ளையில் கொஞ்சம் ரோசும் கொஞ்சம் மஞ்சளும் கலந்து வைத்தது. அதற்குப் பேர் 'ஒடம்புக் கலர்'. லட்சுமிக்கு, சரஸ்வதிக்கு, கல்யாண செட்டில் மாப்பிள்ளை பொண்ணுக்கு, ஐயருக்கு, கடை விரித்து உட்கார்ந்திருக்கிற செட்டியாருக்கும் செட்டியாரம்மாவுக்கும் அதுதான். பக்கத்தில் இன்னொரு டின், பழுப்பு. அதற்குப் பழுப்பு என்றே பேர், உடம்பு என்று பேரில்லை. அசுரன், குறவன் குறத்தி, பாம்பாட்டி, மூட்டை தூக்குகிறவன் எல்லாம் அந்த டின். கிருஷ்ணனுக்குப் பேரிலேயே கறுப்பு இருக்கிறது. ஆனால் கறுப்பென்று ஒத்துக்கொள்ள எவனுக்கும் மனசு வரவில்லை. அதற்காகத் தனியாக ஒரு நீல டின்.

ஒருநாள் ஒடம்புக் கலர் தீர்ந்துபோயிருக்கிறது. ஆர்டர் அவசரம். அம்மா கல்யாண செட்டில் பத்துப் பொண்ணு பொம்மைக்குப் பழுப்பை அடித்துவிட்டாள். "நல்லாத்தாண்டா இருந்துச்சு. ஒங்க சின்னம்மா மாலையும் கழுத்துமா நின்ன மாதிரியே இருந்துச்சு" என்று இப்போதும் சொல்லுவாள். மேஸ்திரி வந்து பார்த்தார். "இந்த மூஞ்சிய எவன் காசு குடுத்து வாங்கிக் கொலுவுல வைப்பான்?" என்றார். டர்பன்டைன் ஊற்றிப் பத்தையும் துடைக்கச் சொன்னார். அன்றைக்குக் கூலியில் பிடித்தம். அந்தக் கம்பெனி மூடிப் பல வருஷமாகிறது, பேர் வேண்டாம். மேஸ்திரி ஒன்றும் கெட்ட மனுஷனும் இல்லை. எங்களைவிட ஒரு பங்கு கறுப்பு அவர்.

இதையெல்லாம் 'பொம்மைதானே' என்று தள்ளிவிடலாம். அமெரிக்காவில் அப்படித் தள்ளவில்லை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர்கள், கணவனும் மனைவியும், 1940களில் மூன்று வயது முதல் ஏழு வயது வரையான 253 கறுப்புக் குழந்தைகள் முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. நிறம் மட்டும் வேறு. எதோடு விளையாட ஆசை என்று கேட்டதற்கு மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். எது கெட்ட பொம்மை என்று கேட்டதற்குப் பெரும்பாலான குழந்தைகள் கறுப்பைக் காட்டினார்கள். கடைசிக் கேள்வி, 'உன்னை மாதிரி இருக்கிற பொம்மை எது?' அந்தக் கேள்விக்கு அழுத குழந்தைகள் உண்டு. பள்ளிக்கூடத்தில் கறுப்பர்களைப் பிரித்து வைப்பது சட்ட விரோதம் என்று 1954இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. பெண்ணாடத்துத் தோழர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தீர்ப்பு வந்த பிறகும் அந்த நாட்டு ஃபேஷன் உலகம் அசைந்து கொடுக்கவில்லை. 'வோக்' பத்திரிகையின் அமெரிக்கப் பதிப்பு தன் அட்டையில் ஒரு கறுப்புப் பெண்ணைப் போட 1974 ஆகஸ்டு வரை எடுத்துக்கொண்டது. பெவர்லி ஜான்சன் அவர் பேர். அதற்குள் அந்தப் பத்திரிகைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கறுப்பர்கள் அதுவரைக்கும் சும்மா காத்திருக்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். 1962இல் நியூயார்க் ஹார்லெம் பகுதியில், குவாமே பிராத்வெயிட் என்ற புகைப்படக்காரரும் அவர் கூட்டாளிகளும் தங்கள் தெருப் பெண்களையே மேடையேற்றினார்கள். சுருட்டை முடியை நீட்டாமல், தோலை வெளுக்காமல், ஆப்பிரிக்கத் துணி உடுத்தி அந்தப் பெண்கள் நடந்தார்கள். 'கறுப்பே அழகு' என்ற முழக்கம் ஊரெல்லாம் பரவியதில் அந்த மேடைக்கும் பங்குண்டு. அந்தக் காற்றுதான் பிறகு கருஞ்சிறுத்தைகள் வழியாக 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகளாகவும் வீசியது. இவ்வளவுக்குப் பிறகும் 2013இல் பெத்தான் ஹார்டிசன், இமான், நவோமி கேம்பெல் ஆகிய மூன்று மூத்த மாடல்கள் சேர்ந்து, மேடையில் கறுப்பு மாடலே இல்லாத, பேருக்கு ஒருவரை மட்டும் நிறுத்துகிற ஃபேஷன் கம்பெனிகளைப் பேர் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஃபேஷன் உலகத்தின் நிறவெறி அவ்வளவு லேசில் போகிற அழுக்கில்லை.

அது இனவெறி, நம்முடையது சாதி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற கதையை, வெள்ளைக்காரன் மூக்கை அளந்து வைத்த கணக்கைக் கொண்டே 1948இல் உடைத்துக் காட்டியவர் பாபாசாகேப் அம்பேத்கர். நம்மில் சிவப்பானவர் உண்டு, அவர்களில் கறுத்தவர் உண்டு. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் 'கறுப்புப் பாப்பானையும் சிவப்புப் பறையனையும் நம்பாதே' என்று பழமொழி கட்டி வைத்தான். அதாவது, நிறத்தைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாமல் போனால் ஆபத்து என்று அவனுக்குப் பயம். இங்கே கறுப்பு என்பது தோலின் நிறம் மட்டுமில்லை. வெயிலில் நிற்கிறவன், சேற்றில் இறங்குகிறவன், கூலிக்குப் போகிறவன் என்று அதற்கு அர்த்தம். சிவப்பு என்றால் நிழல். அழகு என்று இங்கே விற்கப்படுவது அந்த நிழல்தான்.

அதை டியூப்பில் அடைத்து 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று விற்க ஆரம்பித்தார்கள். நாற்பத்தைந்து வருஷம் ஓடியது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரைப் போலீஸ்காரன் கழுத்தில் முழங்காலை வைத்துக் கொன்றான். உலகமே தெருவுக்கு வந்தது. அடுத்த மாதமே இந்தியாவில் அந்தக் கிரீம் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிடுவதாக அறிவித்து, 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. இங்கே கயர்லாஞ்சி நடந்தபோது, உஞ்சனை நடந்தபோது, மேலவளவு நடந்தபோது எந்த டியூப்பும் பேரை மாற்றிக்கொண்டதாக நான் பார்க்கவில்லை. 

சினிமாவை விட்டுவிட முடியுமா? கறுத்த மனிதரைத் தலைவர் என்று தூக்கிக் கொண்டாடுகிற நாடு இது. 2007இல் 'சிவாஜி' படத்தில் அந்தத் தலைவரையே ஒரு பாட்டுக்கு வெள்ளையாக்கினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோலைப் படமெடுத்துக் கணினியில் அவர் மேல் போர்த்தினார்கள். அதே படத்தில் இரண்டு பெண்களுக்கு முகத்தில் கரியைப் பூசி, பாரி மகளிரின் பேரை வைத்து, பார்த்தாலே சிரிக்கச் சொன்னார்கள். தியேட்டரே சிரித்தது. நானும் அங்கே இருந்தேன். பேரைக் கெடுத்துவிட்டார்கள் என்று தமிழறிஞர்கள் கோபப்பட்டார்கள். முகத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இனி, 'நமக்கெதற்கு ஃபேஷன்' என்ற கேள்விக்கு வருகிறேன். நமக்கு அது தேவையில்லை என்று முதலில் சொன்னது யார்?

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மாரை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடு மாடு கொள்ளை போனது. அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் எட்டு, பதினொன்றாக வளர்ந்தது.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எட்டில் ஏழு உடையும் அலங்காரமும்தான். எட்டாவது மண்பாத்திரம். நிலத்தைப் பிடுங்கியவன் அதோடு விடவில்லை. பூவையும் பிடுங்கினான். பூவுக்கு ஒரு பலம் இல்லையென்றால் அதைத் தடை செய்ய ஊர்க்கூட்டம் எதற்கு? பாபாசாகேப் மூன்று துண்டுக் கோட்டு சூட்டில் நின்றது சும்மா ஸ்டைலுக்கா?

அந்தக் குடைக்கும் செருப்புக்கும் பின்னால் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 'வோக்' பத்திரிகை 2007இல் இந்தியாவுக்கு வந்தது. மறு வருஷம் ஆகஸ்டு இதழில் ஒரு கூத்து நடத்தினார்கள். ஏழைக் கிராமத்து சனங்களை நிறுத்தி, விலை உயர்ந்த வெளிநாட்டுச் சாமான்களைக் கையில் கொடுத்துப் படமெடுத்தார்கள். ஒரு பெரியவர் கையில் பர்பெரி கம்பெனிக் குடை. அப்போதே இருநூறு டாலர் விலை. ஒரு குழந்தை கழுத்தில் ஃபெண்டி கம்பெனித் துணி. படத்துக்குக் கீழே குடையின் பேர் இருந்தது, துணியின் பேர் இருந்தது. மனிதர்களின் பேர் இல்லை. ஓர் ஆண், ஒரு பெண், அவ்வளவுதான். நாட்டில் எதிர்ப்பு வந்தது. எனக்குத் தோன்றுவது வேறு. ஃபேஷன் உலகத்தில் கறுத்த ஏழை உடம்புக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது, இடம் இருக்கிறது. பின்னணித் திரையாக, குடை மாட்டுகிற ஆணியாக.

செருப்பு? 2025 ஜூனில் இத்தாலியில் மிலான் நகரத்து மேடையில் பிராடா கம்பெனி தன் மாடல்களுக்கு அச்சு அசல் கோலாப்பூர்ச் செருப்பை மாட்டி நடக்கவிட்டது. யார் செருப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. சத்தம் கிளம்பிய பிறகுதான் அது இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என்று ஒத்துக்கொண்டது. அந்தச் செருப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவருகிற சர்மகார்கள் தலித்துகள். செருப்பு மேடையேறிவிட்டது. தைத்தவர்கள் பட்டறையில்தான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் வேறில்லை. உலகம் உடுத்துகிற சட்டையைத் தைக்கிற மில்களில் நம் பெண்கள் எத்தனை பேர்! 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் அப்படி ஒரு தலித் பெண்ணை அவள் மேற்பார்வையாளனே கொன்றான். தலித் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் நின்று, எச் அண்ட் எம் போன்ற கம்பெனிகளையும் சேர்த்து 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தை வாங்கியது. மேடையில் யார் நடக்கிறார்கள் என்று எண்ணுகிறபோது தையல் மிஷினில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

ஜீன்ஸ் பேண்டை மறந்துவிடக் கூடாது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்து அடங்குவதற்குள், தலித் பையன்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடை மேடையாகப் பேசினார் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ். 1930இல் சட்டை, 2012இல் ஜீன்ஸ். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில் அங்கேதான் முருகேசனுக்கும் கண்ணகிக்கும் நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள். இன்ஜினியரிங் முடித்த தலித் பையன், அவன் கல்யாணம் செய்துகொண்ட வன்னியர் பெண். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ய 2025 ஏப்ரல் ஆனது. இருபத்திரண்டு வருஷம். அந்தக் கொலைக்குப் பிறகு எங்கள் காலனியில் பையன்கள் புதுச் சட்டை போட்டுக் கிளம்பினால் தாய்மார்கள் வாசலில் நின்று "எங்கடா போற?" என்று கேட்பார்கள். சட்டையைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி.

இவ்வளவும் அவர்களைப் பற்றி. இனி நம்மைப் பற்றி. இதை எழுதாவிட்டால் இந்தப் பக்கம் பொய்.

நம் காலண்டரில், நம் சுவரொட்டியில் பாபாசாகேப் என்ன நிறத்தில் இருக்கிறார்? ரோஸ் கன்னம், பளபளவென்று முகம். எந்த மேஸ்திரியும் வந்து சொல்லவில்லை. நாமே அடித்த ஒடம்புக் கலர் அது. மேடையில் சாதி ஒழிப்புப் பேசிவிட்டு இறங்குகிற தோழர், "பொண்ணு கொஞ்சம் கலரா இருந்தா தேவல" என்கிறார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். "கொஞ்சம் லைட் பண்ணிடட்டுமாண்ணே?" என்று கேட்டான் அந்தத் தம்பி. பண்ணு என்றேன். தங்கை பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்ற பிறகு ஒருநாள் கேட்டாள், "அன்னைக்கி நீ வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்ணே." இன்னும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவின் பத்துப் பொம்மையை டர்பன்டைன் ஊற்றித் துடைத்த மேஸ்திரியை இத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

புதுச்சேரி இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரம். அங்கே சான் ரேச்சல் என்று ஒரு பெண் இருந்தார். கறுத்த பெண். மாடலிங்குக்கு நீ லாயக்கில்லை என்று சொன்னவர்கள் முன்னாலேயே அழகிப் பட்டம் வாங்கினார், நிறப் பாகுபாட்டுக்கு எதிராக ஓயாமல் பேசினார். அவரைப் பார்த்து எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் கண்ணாடி முன் நடந்து பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். 2025 ஜூலையில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கடன் நெருக்கடி என்று செய்திகள் சொல்லின. நிறத்தின் மேல் பழியைப் போட்டு ஒரு சாவை நான் எளிமையாக்க மாட்டேன். ஆனால் சிவந்த தோலுக்குத் தானாகத் திறக்கிற ஒவ்வொரு கதவையும் அவர் தோளால் முட்டித் திறக்க வேண்டியிருந்தது. ஹார்லெமில் ஒரு தெருவே சேர்ந்து செய்த வேலையை இங்கே ஒரு பெண் தனியாகச் செய்துகொண்டிருந்தார்.

சென்னையில் சிலர் 2017 கடைசியில் கறுத்த மாடல்களை வைத்து லட்சுமி, சரஸ்வதி, சீதை என்று படமெடுத்து வெளியிட்டார்கள். நல்ல படங்கள்தான். ஆனால் கறுப்பை அழகென்று காட்ட அவர்களுக்கும் சாமி வேண்டியிருந்தது. நாற்று நடுகிற கறுப்பு, சூளைக்கு முன்னால் நிற்கிற கறுப்பு, கீரைக் கூடையோடு பஸ் ஏறுகிற கறுப்பு, கிரீடம் இல்லாமல், ஆசீர்வதிக்கிற கை இல்லாமல் அட்டைக்கு வர வேண்டாமா?

இந்த யோசனையை அம்மாவிடம் சொன்னேன். அடுத்த இதழ் அட்டையில் அவள் படத்தைப் போடப் போகிறோம் என்றேன். "என் மூஞ்சிய எதுக்குடா போடுற? பொஸ்தகம் விக்க வேணாமா?" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அந்தப் பச்சப் பொடவையக் கட்டிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

ஆக, தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெண்கள், ஆண்கள், பெரியவர்கள் யாராவது அவர்களுக்குப் பிடித்த உடையில் நிற்கிற படங்களை அனுப்புங்கள். கல்யாணப் படமானாலும் சரி, களத்து மேட்டுப் படமானாலும் சரி. வெளுக்க வைக்கக் கூடாது, டச்சப் கூடாது. பெண்ணாடத்துத் தோழர் கட்டாயம் அனுப்ப வேண்டும். படத்தின் பின்னால் அவர்கள் பேர், ஊர், செய்கிற வேலை மூன்றையும் எழுதுங்கள். பேர் இல்லாத படங்களைப் போட மாட்டோம்.